எறிந்தது போக மிச்சம்

ஒளி, 25 நானோ நொடியில் ஏழரை மீட்டர்தான் போகும். ஜெனீவா அருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் ஓடும் எல்.எச்.சி. துகள்மோதியில் புரோட்டான் கொத்துகள் 25 நானோ நொடிக்கு ஒருமுறை எதிரும் புதிருமாகக் கடக்கின்றன. நொடிக்கு நாலு கோடி முறை. அவை கடக்கும் இடத்தைச் சூழ்ந்து நின்று இதைக் கவனிக்கும் அட்லஸ் உணர்கருவியின் நீளம் 46 மீட்டர். ஒரு மோதலில் சிதறிய துகள்கள் கருவியின் கோடியைத் தொடுவதற்குள் நடுவில் மேலும் மூன்று மோதல்கள் நடந்து முடிந்திருக்கும்.

இத்தனையையும் பதிவு செய்ய முடியுமா? ஒரு மோதலின் பதிவு ஏறத்தாழ ஒரு மெகாபைட். கைபேசியில் எடுக்கும் படத்தைவிடச் சிறியது. ஆனால் நாலு கோடியால் பெருக்கினால் நொடிக்கு 40 டெராபைட். எனவே முதல் வேலை எறிவது. ‘டிரிகர்’ எனப்படும் மின்னணுச் சுற்றுகள் சுமார் 2.5 மைக்ரோ நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடும். நாலு கோடியில் ஒரு லட்சம் தேறும். அதைக் கணினிகள் மறுபடி சலித்துச் சில ஆயிரமாக்கும். மற்றவை போனது போனதுதான். முறத்தில் புடைக்கும்போது பதரோடு ஒரு மணி விழுந்தால் குனிந்து பொறுக்கிக்கொள்ளலாம். இங்கே அதற்கும் வழியில்லை. எதைத் தேடுகிறோம் என்று முன்பே முடிவு செய்தவர்தான் எதை எறியலாம் என்று சொல்ல முடியும். யாரும் எதிர்பாராத ஒன்று அந்தப் பதரில் போயிருந்தால்? துகள் இயற்பியலாளர்களை உறுத்தும் கேள்வி இது. சல்லடையைச் சோதிக்கவென்றே, எந்த நிபந்தனையும் வைக்காமல் ஒரு சிறு பங்கை அப்படியே எடுத்தும் வைக்கிறார்கள்.

எறிந்தது போக மிச்சமும் மலைதான். மலையாக இருந்தாக வேண்டும். நூறு கோடி புரோட்டான் மோதலுக்கு ஒன்று என்ற கணக்கில்தான், தேடப்படும் ஹிக்ஸ் போசான் என்ற துகள் பிறக்கிறது. பிறந்ததிலும் ஆயிரத்துக்கு இரண்டுதான் இரு ஒளித்துகள்களாகச் சிதைந்து தெளிவான தடயம் விடும்.

மிச்சத்தை அலசத் தேவையான கணினிகள் முழுவதையும், எல்.எச்.சி.யை நடத்தும் செர்ன் ஆய்வகம் தன் வளாகத்திலேயே வாங்கி அடுக்கியிருக்கலாமே? அவ்வளவு பணம் இல்லை. பணம் தரும் நாடுகளும், தங்கள் காசில் வாங்கிய கணினி தங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கட்டும் என்றே விரும்பின. கஞ்சத்தனம் அறிவியலுக்கு நன்மை செய்த இடம் இது என்பேன். 1990-களின் இறுதியில் ‘மொனார்க்’ என்றொரு திட்டம், இப்படிக் கணினிகளைப் பல நாடுகளில் பரப்பி வைக்க வரைபடம் போட்டது. அதை முன்னின்று நடத்தியவர் கால்டெக்கின் ஹார்வி நியூமன். கணினிப் பொறியாளர் அல்ல, துகள் இயற்பியலாளர். செர்ன் மேலடுக்கு, அதன் கீழே பெரிய தேசிய மையங்கள், அவற்றின் கீழே பல்கலைக்கழகங்கள் என்று அடுக்கடுக்காகத் தரவு இறங்கும் ஏற்பாடு அது. இன்று 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 மையங்கள் இதில் இருக்கின்றன. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் அவற்றில் சேர்த்தி.

இதற்கு ‘கிரிட்’ என்று பெயர். மின்சாரத்திலிருந்து எடுத்த பெயர்தான். சுவிட்சைப் போடுகிறவர், வருவது அனல் மின்சாரமா புனல் மின்சாரமா என்று விசாரிப்பதில்லை. மும்பையில் இருக்கும் ஒரு ஆய்வு மாணவி நிரல் எழுதி அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு வேண்டிய தரவு இத்தாலியில் இருக்கலாம். டெராபைட் கணக்கான தரவை மும்பைக்கு இழுப்பதைவிட, சில கிலோபைட் நிரலை அங்கே அனுப்புவது சுலபம். நிரல் அங்கே போய் ஓடுகிறது. சுருக்கிய முடிவு மட்டும் திரும்பி வருகிறது. போன இடத்தில் வட்டு பழுதாகலாம், குளிர்சாதனம் நிற்கலாம். வேலை தோற்றால் வேறோர் இடத்துக்கு மறுபடி அனுப்பப்படும். எங்கோ ஏதோ ஒன்று எப்போதும் கெட்டுக்கிடக்கும் என்று ஒப்புக்கொண்டு கட்டிய அமைப்பு இது.

கேசட் காலத்தவர்களுக்கு ஒரு சேதி: மோதல்களின் மூலப்பதிவு இன்றும் காந்த நாடாவில்தான் காக்கப்படுகிறது. கேட்டால் இயந்திரக் கை அலமாரியிலிருந்து நாடாவை உருவிக் கொடுக்கிறது. நாடா விலை மலிவு. சும்மா இருக்கும்போது மின்சாரமும் தின்னாது. ஒரு பிரதி செர்னில் இருக்க, மறுபிரதி மற்ற பெரிய மையங்களுக்குப் பகிர்ந்து வைக்கப்படுகிறது.

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போன்ற துகள் கிடைத்ததாக அறிவித்தபோது, செர்ன் தலைமை இயக்குநர் ரோல்ஃப் ஹோயர் துகள்மோதி, உணர்கருவிகள், கிரிட் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பாராட்டினார். செய்தித்தாள்கள் பெரும்பாலும் முதல் இரண்டின் படங்களைத்தான் போட்டன. சலிப்பூட்டும் அலமாரி வரிசைகளை யார் படம் போடுவார்கள்?

இந்த வேலையில் நீங்களும் சேரலாம். 2004-இல் செர்ன் தொடங்கிய ‘எல்.எச்.சி. அட் ஹோம்’ திட்டத்தில் ‘போயிங்க்’ என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால், உங்கள் மேசைக் கணினி சும்மா கிடக்கும் நேரத்தில் புரோட்டான் கற்றையின் பாதையைக் கணக்கிட்டு ஜெனீவாவுக்கு அனுப்பும். சான்றிதழ், அனுபவம் எதுவும் கேட்கமாட்டார்கள்.