இளநீரும் 18.5 மில்லி வோல்ட்டும்



போன வருடம் என் அப்பாவைக் கிட்னி பழுது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பார்க்க வந்த பெரியப்பா ஆசையாக நாலு இளநீர் கொண்டு வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "இதைக் கொடுக்கவே கூடாது. பொட்டாசியம் ஏறினா ஹார்ட் நின்னுடும்" என்றார். பெரியப்பா முகம் வாடிப்போச்சு. "எளநி கூடவாடா விஷம்? நீ படிக்கிற பிள்ளை, சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். எனக்கும் பதில் தெரியவில்லை. லைப்ரரியில் தேடியபோது, அது நம்ம மின்னியல் பாடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது!

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் ஒரு குட்டி பேட்டரி. செல் சவ்வுக்கு உள்ளே பொட்டாசியம் அயனி லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். வெளியே 4 தான். அதனால் அது வெளியே கசியும். பாசிட்டிவ் சார்ஜ் போகப் போக உள்பக்கம் நெகட்டிவ் ஆகி, அயனியைத் திரும்ப இழுக்கும். இரண்டும் சமமாகும் வோல்ட்டேஜை நெர்ன்ஸ்ட் சமன்பாடு தருகிறது. 37 டிகிரி உடல் வெப்பத்தில்:

மில்லி வோல்ட் = 61.5 × லாக் (வெளியே ÷ உள்ளே)

4 ÷ 140-க்கு லாக் −1.544. விடை −95. சோடியமும் கொஞ்சம் உள்ளே கசிவதால், இதயத் தசையில் உண்மையில் சுமார் −90 இருக்கும். 1939-ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாயின் தடித்த நரம்புக்குள் மின்வாயைச் செருகி, இப்படிப்பட்ட வோல்ட்டேஜை நேராகவே அளந்தார்கள்.

'பூ, இவ்வளவுதானா' என்று நினைக்க வேண்டாம். சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். வகுத்துப் பாருங்கள், சென்டிமீட்டருக்கு 180 கிலோவோல்ட்! காற்றே 30-ல் பிரேக்டவுன் ஆகிவிடும்.

இப்போது இளநீருக்கு வருவோம். அதில் பொட்டாசியம் நிறைய. நல்ல கிட்னி, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். கெட்ட கிட்னியால் முடியாது. வெளியே 4 என்பது 8 ஆனால், விடை −76.4. ஏறக்குறைய 18.5 மில்லி வோல்ட் போய்விட்டது. அந்த நிலையில் பல சோடியம் வாசல்கள் திறக்காமலே கிடக்கும். இதயத்தின் மின்துடிப்பு மந்தமாகி, தாளம் தப்பி, நின்றும் போகலாம்.

பெரியப்பாவிடம் லாக் சொல்ல முடியுமா? "கெணத்து மோட்டாருக்கு லோ வோல்ட்டேஜ் வந்தா என்னாகும் பெரியப்பா?" என்றேன்.

"உறுமும், ஓடாது."

"அப்பா ஹார்ட்டும் அப்படித்தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நாலு இளநீரையும் வார்டில் இருந்த காவலாளிக்குக் கொடுத்துவிட்டார். அப்பா இப்போது டயாலிசிஸ் செய்துகொண்டு நடமாடுகிறார். பெரியப்பா வரும்போது வெறுங்கையோடுதான் வருகிறார்.

— இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை