இளமை இசைப்பயிற்சியும் செய்யுட்செவியும்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி, கலியுக வரதராசப் பெருமாள் திருக்கோயிலாற் பலரும் அறிந்த ஊர். இராமநவமியை ஒட்டி நிகழும் அக்கோயிற் பெருவிழாவிற்குச் சுற்றுப்புறத்து உழவர்கள் தம் விளைபொருளைக் காணிக்கையாகக் கொண்டுவருதல் வழக்கம். இராமகதையை இசையோடு கேட்டலும் இவ்வட்டாரத்தார்க்குப் பழகியதொன்றே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரியலூர், குன்னம் முதலிய ஊர்களில் இராமாயண விரிவுரை நிகழ்த்தி, இடையிடையே அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைகளைப் பாடிவந்த இசைவாணர் ஒருவர் இருந்தார். அவர், டாக்டர் உ. வே. சாமிநாதையரின் தந்தையாராகிய வேங்கடசுப்பையர்.

இசை கற்கும் சிறார் பலருள் அரங்கேறிப் பாடுவோர் மிகச் சிலரே. அங்ஙனமாயின், ஏனையோர்க்கு அப்பயிற்சி வீண் முயற்சியோ என்னும் வினா எழும். அவ்வினாவை ஐயரவர்களின் இளமை வரலாற்றை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

வேங்கடசுப்பையர்க்கு இசையாசிரியர், அவர்தம் உறவினராகிய கனம் கிருஷ்ணையர். அவர் இப்பகுதியைச் சார்ந்த திருக்குன்றத்திற் பிறந்தவர். உடையார்பாளையம் ஜமீன்தாரின் ஆதரவு பெற்றவர். தமிழிற் பல பதங்களை இயற்றியவர். கனம், நயம், தேசிகம் என்னும் மூவகைப் பாடுமுறைகளுள் கனமார்க்கம் மிக்க உடலுறுதியும் இடையறாச் சாதகமும் வேண்டுவது. தஞ்சை அரசவைக்கு வந்த பொப்பிலி கேசவையா என்பாரிடமிருந்து அதனைப் பயின்று தேர்ந்தமையின் கிருஷ்ணையர்க்கு அவ்வடைமொழி வாய்த்தது. பாளையக்காரரின் சிற்றவைகளும் பேரிசையைப் புரந்தன என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.

1855இற் பிறந்த சாமிநாதையர் இவ்விசை மரபினூடே வளர்ந்தார். தந்தையாரே அவர்க்கு இசை கற்பித்தார். அரியலூர்ச் சடகோபையங்காரிடமும், பின்னர்க் குன்னம், கார்குடி, செங்கணம் ஆகிய ஊர்களில் இருந்த தமிழறிஞர்களிடமும் அவர் இலக்கிய இலக்கணம் கற்றார். இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் சிற்றூர்களில் இசையும் இயலும் ஒரு சிறுவன்பால் ஒருங்கே வந்து கூடின என்க.

இனி, தொடக்க இசைப்பாடம் சிறுவர் செவியில் யாது செய்கின்றது எனக் காண்போம். சரளிவரிசையை மாணவன் மூன்று காலத்திற் பாடுகின்றான். முதற்காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம், இரண்டாங்காலத்தில் இரண்டு, மூன்றாங்காலத்தில் நான்கு. எனவே, ஒரு சுரம் பெறும் கால அளவு ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைகின்றது. தமிழ் எழுத்துக்களின் அளவும் இவ்விகிதத்ததே. நெட்டெழுத்து இரண்டு மாத்திரை, குற்றெழுத்து ஒன்று, மெய்யெழுத்து அரை. யாப்பு நூலில் எண்ணாகக் கற்கும் இவ்வேறுபாட்டை இசை மாணவன் கையாற் போட்டும் வாயாற் பாடியும் உணர்ந்துவிடுகின்றான். அலங்காரங்களிற் பயிலும் ஏழு தாளங்கள், மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் ஐந்து சாதிகளால் 35 ஆக விரியும். தகிட, தகதிமி என்னும் சொற்கட்டுக்களைக் கேட்டுப் பழகிய சிறுவனுக்குத் திருப்புகழின் சந்த வேறுபாடு அச்சந் தருவதில்லை.

தொல்காப்பியர் செய்யுளியலிற் செய்யுள் உறுப்புக்களை எண்ணத் தொடங்குங்கால் மாத்திரையையே முதற்கண் வைத்தார். நூன்மரபின் இறுதியில், எழுத்துக்கள் தமக்குரிய அளவைக் கடந்து நீண்டொலித்தல் இசைநூலார்க்கு உரிய நெறி எனவும் சுட்டினார். இயற்றமிழும் இசைத்தமிழும் கால அளவு என்னும் ஒரே அடிப்படையில் நிற்கின்றன என்பது இதனாற் போதரும்.

ஆயினும், இதற்கு மாறான கருத்தும் ஐயரவர்கள் வாழ்வில் எதிர்ப்பட்டது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்கத் தொடங்கியபோது, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசைப்பயிற்சியும் பெற்றார். இசையில் மனம் செல்லின் இலக்கியக் கல்வி தளரும் என்பது பிள்ளையவர்கள் கருத்து. ஆசிரியர் திருவுள்ளம் அறிந்த மாணவர் அப்பயிற்சியை நிறுத்திவிட்டார்.

நின்ற அப்பயிற்சி பயனற்றுப் போயிற்றா? ஏட்டுச்சுவடிகளின் இயல்பை நோக்குக. அவற்றில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது; எகர ஏகாரமும், ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்படும்; அடியும் சீரும் பிரியாது உரைநடைபோற் செய்யுள் தொடர்ந்து செல்லும். அங்கே குறிலோ நெடிலோ, அடி முடிந்ததோ இல்லையோ என்பதைக் கண் மட்டும் தெளிவித்தல் அரிது. பொருளோடு ஓசையும் உடனின்று துணைசெய்தல் வேண்டும். 1887இற் சீவகசிந்தாமணியையும், 1892இல் இசைக்கடலாகிய சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றிய அறிஞர்க்கு, அரியலூர்ப் புறத்திற் பண்பட்ட செவி உதவியிருத்தல் வேண்டும் என்பது நாம் கருதியுணரும் முடிபு.

இசையை விரும்பாத பிள்ளையவர்களே பல்லாயிரம் செய்யுட்களைப் பாடினாரன்றோ எனின், அத்தடை தக்கதே. ஆயின், அவர் திண்ணைப்பள்ளி ஆசிரியரின் மைந்தர். அக்காலத்துத் திண்ணைப்பள்ளிகளிற் செய்யுளைக் கண்ணாற் படிப்பதினும் வாய்விட்டு ஓதி நெட்டுருச் செய்தலே மிகுதி. செவிப்பயிற்சி அவ்வழியாகவும் வரலாம். இசை வழியாகவும் வரலாம். எவ்வழியானும் வாராதபோதுதான் இடர் நேர்கின்றது.

இன்று நேர்ந்துள்ள இடர் அதுவே. திண்ணைப்பள்ளிகள் மறைந்தன, ஓதும் வழக்கம் அருகிற்று, செய்யுளை மாணவர் ஓசையின்றிக் கண்ணால் மட்டும் படிக்கின்றனர். அசையும் தளையும் பிரித்துத் தேர்வில் முழு மதிப்பெண் பெறுவோரும், ஒரு வெண்பாவிற் சீர் குறைந்துழி அதனைச் செவியால் உணராமை கண்கூடு. ஆதலின், பாடகராகும் நோக்கம் இல்லாச் சிறார்க்கும் சரளிவரிசையும் எளிய அலங்காரங்களும் தொடக்கப் பள்ளியிலேயே கற்பிக்கத்தக்கன. நாளை ஆசிரியப்பணி ஏற்கவிருக்கும் முதுகலை மாணவர், செய்யுட் பாடத்தைப் பொருள் கூறுதலோடு நிறுத்தாது, முதலில் மாணவர் அனைவரையும் தாளமிட்டு ஓதச் செய்வாராக. செவி திறந்த பின்னர் இலக்கணம் கற்பித்தல் எளிதாம்.