பேசும் காரும் நம்பும் மனமும்

இரவு நேரச் சாலையில் கரிய நிறக் கார் ஒன்று விரைந்து வருகிறது. அதன் முகப்பில் சிவப்பு ஒளிக்கோடு ஒன்று இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. தொலைவில் ஆபத்தில் சிக்கியிருக்கும் நாயகன் தன் கைக்கடிகாரத்தில் ஒரு சொல் சொல்கிறான். ஓட்டுவதற்கு ஆளின்றியே கார் அவனிடம் வந்து சேர்கிறது. 'நைட் ரைடர்' தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி மறக்கக்கூடியதன்று. அந்நாளில் நம்மில் எத்தனை பேர் சாதாரணக் கைக்கடிகாரத்தை வாயருகே வைத்துப் பேசிப் பார்த்திருப்போம்!

கிளென் ஏ. லார்சன் உருவாக்கிய இத்தொடர் 1982 செப்டம்பர் முதல் 1986 ஏப்ரல் வரை, 4 பருவங்களாக அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. சுடப்பட்டு உயிர் பிழைத்த காவலர் ஒருவர் புதிய முகமும் புதிய பெயரும் பெற்று, மைக்கேல் நைட்டாக நீதிக்குப் போராடுவதே கதை. டேவிட் ஹாசல்ஹாஃப் அந்த வேடத்தில் நடித்தார். எனினும் இரசிகர்களின் நெஞ்சில் அவருக்கு இணையாக இடம் பிடித்தது 'கிட்' என்னும் அந்தக் கார்தான்.

திரைக்குப் பின்னால்

கிட், போன்டியாக் நிறுவனத்தின் ஃபயர்பேர்ட் டிரான்ஸ் ஆம் வகைக் காரை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டது. தானே ஓடுவதாகக் காட்டப்பட்ட காட்சிகளில், சாகச ஓட்டுநர் ஒருவர் இருக்கைக்குள் மறைந்திருந்து காரைச் செலுத்தினார். காரின் குரல் வில்லியம் டேனியல்ஸ் என்னும் நடிகருடையது. அவர் விருப்பத்தின்படியே அவருடைய பெயர் தொடரில் காட்டப்படவில்லை. பெயரில்லாத அந்தக் குரலில் நிதானம் இருந்தது; மெல்லிய கேலி இருந்தது; நண்பன் மீதான கவலையும் இருந்தது. அதனால்தான் பார்த்தவர்கள் இயந்திரத்தை மறந்து, ஒரு தோழனைக் கண்டார்கள்.

கனவு நனவான வழி

தொடர் வெளிவந்த காலத்தில், பேசும் கார் முழுக் கற்பனையாக இருக்கவில்லை. 1980களின் தொடக்கத்திலேயே நிஸ்ஸான், கிறைஸ்லர் நிறுவனங்களின் சில கார்கள், முன்பே பதிவு செய்த குரலில் சிறு எச்சரிக்கைகளைச் சொல்லின. ஆனால் அவை சொல்ல மட்டுமே அறிந்தவை, கேட்க அறியாதவை. மனிதர் பேசுவதைக் கேட்டுப் பொருளறிந்து விடையளிக்கும் ஆற்றல், 2011இல் ஆப்பிளின் 'சிரி' வந்த பின்னரே பொதுமக்கள் கைக்குப் பரவலாக எட்டியது.

தானே ஓடும் காரின் பாதை இன்னும் கடினமானது. 2004இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான 'தார்ப்பா' பாலைவனத்தில் ஒரு போட்டி நடத்தியது. ஒரு வாகனமும் இலக்கை எட்டவில்லை. மிகுதியாகச் சென்றதுகூடச் சுமார் 12 கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டது. மறு ஆண்டு 5 வாகனங்கள் ஏறத்தாழ 212 கிலோமீட்டர் தொலைவைக் கடந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி' வென்றது. இன்று அமெரிக்காவின் சில நகரங்களில் ஓட்டுநரில்லா வாடகைக் கார்கள் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன.

இரண்டு கார்கள், ஒரு பாடம்

தொடரின் முதல் பருவத்தில், கிட்டுக்கு முன்னோடியாக உருவாக்கப்பட்ட கே.ஏ.ஆர்.ஆர். என்னும் கார் தோன்றும். தோற்றமும் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு உள்ளே பொறிக்கப்பட்ட கட்டளையில் இருந்தது. மனித உயிரைக் காப்பது கிட்டின் கடமை. தன்னைக் காத்துக்கொள்வதே மற்றதன் நோக்கம். இறுதியில் இரண்டும் நேருக்கு நேர் விரையும்போது, தன்னைக் காக்க விலகிய கார் பாறை விளிம்பிலிருந்து கடலில் விழுந்தது.

ஒரு கருவி எவ்வளவு திறமையானது என்பதைவிட, அது யாருக்காக வேலை செய்கிறது என்பதே முதன்மையான வினா. 40 ஆண்டுகளுக்கு முன் ஒரு பொழுதுபோக்குத் தொடர் எழுப்பிய இவ்வினா, இன்று நம் கைப்பேசிக்கும் பொருந்துகிறது.

கிட் பிறர் குரலிலும் பேசிக் காட்டும். அன்று அது வேடிக்கை. இன்றோ, ஒருவருடைய குரலின் சிறு பதிவைக் கொண்டே அவர் பேசுவது போன்ற ஒலியைச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிவிடுகிறது. "அப்பா, விபத்தில் சிக்கிக்கொண்டேன், உடனே பணம் அனுப்புங்கள்" என்று மகனின் குரலே அழைத்தாலும், அழைப்பது மகன்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டிய காலம் இது. அத்தகைய அழைப்பு வந்தால் பதற வேண்டாம். இணைப்பைத் துண்டித்துவிட்டு, நீங்கள் முன்பே அறிந்த எண்ணில் அவரை அழையுங்கள். குடும்பத்தார் மட்டுமே அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் நல்லது.

குரல்வழிச் சேவையே தீது என்பதன்று. எழுத்தைப் படிக்க இயலாதோருக்கும் பார்வைக் குறைபாடு உடையோருக்கும் அது பெருந்துணை. 2023இல் அறிமுகமான 'ஹலோ! யுபிஐ' வசதியில் அனுப்ப வேண்டிய தொகையை வாயால் சொல்லலாம். ஆயினும் இரகசியப் பின் எண்ணை நாமே உள்ளிட்டால்தான் பணம் செல்லும். அந்த ஒரு படியை எந்தக் குரலுக்கும் விட்டுக்கொடுக்கலாகாது. வங்கி ஊழியர் எவரும் உங்களிடம் பின் எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்பதில்லை. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், தாமதிக்காமல் 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.

மைக்கேல் நைட் தன் காரை முழுமையாக நம்பினார். ஆனால் தொடரின் தொடக்கத்தில் அவர் ஐயத்தோடுதான் அதில் ஏறினார். பழகிப் பார்த்த பின்னரே நம்பிக்கை பிறந்தது. நம்மிடம் பேசவரும் ஒவ்வொரு குரலையும் நாம் அவ்வாறே ஆராய்ந்து நம்புவோம்.