கைமாறும் பாய்க்கப்பல்

கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது காத்தான்குடி. இத்தகைய கரையூர்களிற் பழைய மரக்கலம் ஒன்று விலைக்கு வருமாயின், வாங்குவோர் அதன் வயதைவிட, அது பேணப்பட்ட முறையையே ஆராய்தல் வேண்டும். கடலில் அவர்தம் உயிரும் அதனை நம்பியே இருக்குமன்றோ!

புதிதாகச் சாயம் பூசிய கலத்தைச் சற்று ஐயத்துடன் நோக்குவதே நன்று. மரத்தை உக்கச் செய்வதிற் கடல்நீரினும் மழைநீர் கொடியது. உப்பு பூஞ்சணத்தைத் தடுக்கும். தளத்தின் கீழ்த் தேங்கும் நன்னீரோ அதனை வளர்க்கும். ஆதலின் இடுக்குகளிற் கத்திமுனையை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். முனை எளிதில் இறங்கினால் அம்மரம் உக்கியதாகும். உவர்நீரிலோ கப்பற்புழுவின் தொல்லை வேறு. புறத்தே ஊசித்துளை போன்று தோன்றுவது, பலகையின் உள்ளே நெடுஞ்சுரங்கமாக நீண்டிருக்கும். கலத்தைக் கரையேற்றி அடிப்புறத்தைக் காணாது விலை பேசுதல் தகாது. பலகை இணைப்புகளை அடைக்கும் கலப்பற்று வேலை காலந்தவறாது நடந்ததா என்பதும் கேட்டறியத்தக்கது.

பழைய கலம் எத்துணைத் தூரம் ஓடும்? வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்று, வாணிபத்தில் ஓடிய ‘அன்னபூரணி’யை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். சிறு பாய்க்கலத்தில் உலகையே சுற்றிவந்த அவர், கண்மூடி வாங்கியிரார். ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்னும் புதுப்பெயருடன், வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் செலுத்த, 1938இல் அக்கப்பல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.