பூனைக் கழிவு மணல்

பூனைக் கழிவு மணல் என்பது வீட்டினுள் வளர்க்கப்படும் பூனைகள் சிறுநீரும் மலமும் கழிப்பதற்காக ஓர் அகன்ற தட்டில் பரப்பி வைக்கப்படும் உறிஞ்சுபொருள் ஆகும். கடைகளில் இது பெரும்பாலும் கேட் லிட்டர் என்ற பெயரில் விற்கப்படுகின்றது. பெயரில் மணல் இருந்தாலும், இன்று விற்பனையாகும் வகைகளுள் பெரும்பாலானவை மணல் அல்ல. களிமண், சிலிக்கா, மரத்தூள், காகிதம், சோயா அவரைச் சக்கை முதலியவற்றிலிருந்து அவை செய்யப்படுகின்றன. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வீட்டின் நாற்றத்தை மட்டும் பொறுத்த செய்தி அன்று. தட்டுக்கு வெளியே கழிக்கும் பழக்கம், பூனைகள் வீட்டை விட்டுத் துரத்தப்படுவதற்கும் விலங்குக் காப்பகங்களில் விடப்படுவதற்கும் அடிக்கடி கூறப்படும் காரணங்களுள் ஒன்றாகும். அப்பழக்கத்திற்குப் பல வேளைகளில் பூனையைவிடத் தட்டும் அதில் உள்ள பொருளுமே காரணமாக அமைகின்றன.

பூனையின் இயல்பு

வீட்டுப்பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் காட்டுப்பூனை ஆகும். வறண்ட நிலத்து விலங்கு என்பதால் அதன் சிறுநீரகம் நீரை வீணாக்காமல் செறிவான சிறுநீரை உண்டாக்குகின்றது. இளகிய மண்ணைத் தோண்டி, கழித்து, மூடிவிடும் பழக்கமும் அதனிடமிருந்தே வந்தது. நாய்க்குட்டிக்கு இடம் பழக்க வேண்டும். பூனைக்குட்டியோ பிறந்து மூன்று நான்கு வாரங்களிலேயே இளகிய பொருளைக் கண்டால் தானாகத் தோண்டத் தொடங்குகின்றது. ஆகவே பூனையை எப்படிப் பழக்குவது என்று கேட்பதைவிட, அதன் பாதம் விரும்பும் பொருள் எது என்று கேட்பதே பொருத்தமானது.

புதிய சிறுநீரில் நாற்றம் குறைவு. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் யூரியேசு என்னும் நொதியத்தின் உதவியால் அமோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிக்கும்போதே மூக்கைத் துளைக்கும் நெடி எழுகின்றது. இவ்வினைக்கு நீர் தேவை. எனவே சிறுநீரை விரைவாக உறிஞ்சி உலர்த்தும் பொருள் நாற்றத்தையும் தள்ளிப்போடுகின்றது. பூனைச் சிறுநீருக்கே உரிய மற்றொரு நெடி, ஃபெலினைன் என்னும் கந்தகம் கொண்ட அமினோ அமிலம் சிதைவதால் வருகின்றது. விதைநீக்கம் செய்யப்படாத ஆண் பூனைகளில் இது மிக அதிகம். அத்தகைய பூனை உள்ள வீட்டில் எவ்வளவு விலையுயர்ந்த மணலும் ஓரளவுக்கே உதவும். அங்கு அறுவை சிகிச்சையே பயனுள்ள தீர்வு.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பூனை வளர்த்தோர் ஆற்று மணல், தோட்ட மண், அடுப்புச் சாம்பல், கிழித்த செய்தித்தாள் ஆகியவற்றையே பயன்படுத்தினர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1947 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இந்நிலை மாறத் தொடங்கியது. எட்வர்டு லோ என்பவர் தம் தந்தையின் தொழிலில் பணியாற்றி வந்தார். தொழிற்சாலைத் தரையில் சிந்திய எண்ணெயை உறிஞ்சும் பொருட்களை அவர்கள் விற்றனர். அயலில் வசித்த ஒரு பெண்மணி தம் பூனைக்கு வைத்திருந்த மணல் உறைந்துவிட்டதாகக் கூறி மணல் கேட்டு வந்தார். லோ அவருக்கு மணலுக்குப் பதிலாக உலர்த்திக் குருணையாக்கிய ஃபுல்லர் மண்ணைக் கொடுத்தார். சாம்பலைப் போல வீடெங்கும் கால்தடம் பதியாததால் அப்பெண்மணி மீண்டும் அதையே கேட்டு வந்தார்.

ஐந்து பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2.3 கிலோகிராம், எடையுள்ள பைகளில் லோ இதனை நிரப்பி, கிட்டி லிட்டர் என்று எழுதி, 65 சென்டு விலையில் விற்கக் கொடுத்தார். மணல் மிக மலிவாகக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவர் எனக் கடைக்காரர் ஐயுற்றதால், முதலில் இலவசமாகக் கொடுக்கச் சொன்னார் என்பது லோ பின்னாளில் கூறிய செய்தி. பெற்றுச் சென்றோர் பணம் கொடுத்து வாங்கத் திரும்பி வந்தனர். பூனை முற்றிலும் வீட்டினுள்ளேயே வாழும் விலங்காக மேலைநாடுகளில் மாறியதற்கு இப்பை ஒரு முக்கிய காரணம் எனலாம்.

ஃபுல்லர் மண் தமிழருக்கும் அறிமுகமான பொருளே. கம்பளியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பயன்பட்டதால் ஐரோப்பாவில் அதற்கு அப்பெயர் வந்தது. முகத்தில் பூசப்படும் முல்தானி மிட்டி இவ்வகை மண்ணே.

கெட்டிப்படும் களிமண்

ஃபுல்லர் மண் சிறுநீரை உறிஞ்சினாலும் உறிஞ்சிய பகுதி மற்றப் பகுதியுடன் கலந்துவிடும். அதனால் சில நாட்களுக்கொரு முறை தட்டு முழுவதையும் கொட்ட வேண்டியிருந்தது. 1984 ஆம் ஆண்டில் தாமசு நெல்சன் என்னும் அமெரிக்க உயிர்வேதியியலாளர் பென்டோனைட்டுக் களிமண்ணைப் பயன்படுத்தி இக்குறையைப் போக்கினார். சிறுநீர் பட்ட இடம் மட்டும் உருண்டையாகக் கெட்டிப்படும். அதைத் துளையுள்ள அகப்பையால் அள்ளிவிட்டால் மிகுதி சுத்தமாக இருக்கும்.

இதன் செயல்முறை எளிது. பென்டோனைட்டின் முக்கிய கனிமமான மொண்ட்மோரிலோனைட்டு, அடுக்கி வைத்த தாள்களைப் போன்ற மிக மெல்லிய படலங்களால் ஆனது. படலங்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. அவற்றின் இடையே சோடியம் அயனிகள் இருந்தால் நீர் எளிதில் உட்புகுந்து படலங்களை விலக்குகின்றது. இதனால் களிமண் பல மடங்கு வீங்கிப் பசைபோல் ஆகி, அருகிலுள்ள குருணைகளைப் பிணைத்துக்கொள்கின்றது. இரட்டை மின்னேற்றம் கொண்ட கால்சியம் அயனிகள் இடையில் இருந்தால் படலங்கள் இறுகப் பிடிக்கப்பட்டு வீக்கம் குறைகின்றது. பென்டோனைட்டு என்று பொதியில் எழுதியிருந்தும் சில வகைகள் உருண்டையாகாமல் சேறாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆகவே பொதியில் சோடியம் என்ற சொல் உள்ளதா எனப் பார்ப்பது நல்லது.

பென்டோனைட்டு என்ற பெயர் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் பாறைப் படிவம் ஒன்றிலிருந்து வந்தது. இந்தியாவில் குசராத்தின் கச்சுப் பகுதியிலும் இராசத்தானிலும் இது வெட்டியெடுக்கப்படுகின்றது. கோயம்புத்தூர் வார்ப்பாலைகளில் அச்சு மணலைப் பிணைக்கப் பயன்படுவதும் இதே களிமண்தான்.

கெட்டிப்படும் களிமண்ணின் குறைகள் அதன் எடையும் தூசும் ஆகும். கொட்டும்போது எழும் தூசில் படிகச் சிலிக்கா சிறிதளவு இருக்கலாம். ஆத்துமா உள்ள மனிதர்களுக்கும் பூனைகளுக்கும் இத்தூசு தொல்லை தரும். பொதியை உயரத்திலிருந்து கவிழ்க்காமல், தட்டுக்கு அருகே பிடித்து மெதுவாகக் கொட்டினால் தூசு பெருமளவு குறையும்.

பிற வகைகள்

சிலிக்கா மணிகள், புதிய காலணிப் பெட்டிகளில் சிறு பொதியாக வைக்கப்படும் அதே உலர்பொருளால் ஆனவை. நுண்துளைகள் மிகுந்த இவை சிறுநீரை உள்ளே இழுத்துக்கொள்கின்றன; பின்னர் நீர் மெல்ல ஆவியாகின்றது. எடை குறைவு, தூசும் குறைவு. மலத்தை நாள்தோறும் எடுத்து, மணிகளைக் கிளறிவிட்டால் ஒரு பூனைக்கு ஒரு நிரப்பு ஏறத்தாழ ஒரு மாதம் வரும். கூர்மையான மணிகள் பாதத்தில் உறுத்துவதால் சில பூனைகள் இவற்றை வெறுக்கின்றன.

மரத்தூளை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் குச்சிகளாக்கி விற்பதும் உண்டு. நனைந்ததும் குச்சி உடைந்து தூளாகின்றது. சல்லடைத் தட்டு இருந்தால் தூள் கீழே விழுந்துவிடும். தோஃபு செய்தபின் எஞ்சும் சோயா சக்கையிலிருந்து செய்யப்படும் வகை கிழக்காசியாவில் பரவலானது. இத்தகைய தாவர வகைகள் பலவற்றில் கெட்டிப்படுவதற்காகக் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படும் கோந்து சேர்க்கப்படுகின்றது. இவை மக்கக்கூடியவை என்பது பெரிய நன்மை. ஆனால் ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊர்களில் பொதியைத் திறந்து வைத்தால் பூஞ்சையும் வண்டும் பிடிக்கக்கூடும்.

ஆற்று மணலையும் மரவாடித் தூளையும் பயன்படுத்துவோர் இன்றும் உள்ளனர். மணலின் தொடுவுணர்வு பூனைக்கு மிகவும் பிடிக்கும். ஆயினும் மணற்குருணை நீரை உறிஞ்சுவதில்லை. சிறுநீர் அடியில் தேங்கி நாறும். நாள்தோறும் மாற்ற முடிந்தவர்க்கு மட்டுமே அது ஏற்றது.

பூனையின் தேர்வு

விலங்கு நடத்தை ஆய்வாளர் பீட்டர் போர்ச்செல்ட் 1991 இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகள் நுண்ணிய குருணையுடைய கெட்டிப்படும் களிமண்ணையே அதிகம் நாடின. மனிதருக்கு இனிமையாகத் தோன்றும் பூமணமும் எலுமிச்சை மணமும் பூனைகளுக்கு ஒவ்வாதவையாகவே பெரும்பாலும் அமைகின்றன. நறுமணம் பூசிய வகைகள் வாங்குபவரின் மூக்குக்காகச் செய்யப்பட்டவை; பயன்படுத்துபவரின் மூக்குக்காக அல்ல. நாற்றம் தாங்க முடியாவிடில் மணமற்ற சமையல் சோடாவைச் சிறிதளவு தட்டின் அடியில் தூவலாம்.

எனவே வேறு காரணம் இல்லாதபோது மணமற்ற, நுண்ணிய, கெட்டிப்படும் களிமண்ணில் தொடங்குவது பொருத்தமானது. ஐயம் இருப்பின் பூனையையே கேட்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளை அருகருகே வைத்து, வெவ்வேறு மணலிட்டு, இரு வாரங்கள் ஒவ்வொன்றிலும் எத்தனை முறை கழித்துள்ளது என எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். நான்கைந்து நாட்களுக்கொரு முறை தட்டுகளை இடம் மாற்றி வைக்க வேண்டும். இல்லாவிடில் பூனை மணலைத் தேர்ந்ததா, இடத்தைத் தேர்ந்ததா என்பது தெரியாது. புதிய வகைக்கு மாறும்போது பழையதுடன் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரம் அல்லது பத்து நாட்களில் மாற்றுவது நல்லது. ஒரே இரவில் மாற்றினால் பூனை மெத்தையைத் தேர்ந்தெடுக்கக்கூடும்.

மணல் சரியாக இருந்தும் தட்டு சிறியதாக இருந்தால் பயனில்லை. மூக்கிலிருந்து வாலின் அடி வரையான நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள தட்டு வேண்டும். கடைகளில் விற்கப்படும் தட்டுகளுள் பல இதைவிடச் சிறியவை. அகன்ற நெகிழித் தொட்டி ஒன்றின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிக்கொண்டால் செலவும் குறைவு. மணல் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழம் இருக்கலாம். தட்டுகளின் எண்ணிக்கை பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும் என மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். உணவுக் கிண்ணத்தின் அருகில் தட்டை வைக்கக் கூடாது.

உடல்நலம்

டாக்சோபிளாசுமா கோண்டீ என்னும் ஒற்றைக்கல ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளியேறக்கூடும். கருவுற்ற பெண்ணுக்கு முதன்முறையாக இது தொற்றினால் கருவில் உள்ள குழந்தைக்குக் கடும் பாதிப்பு ஏற்படலாம். இந்த அச்சத்தால் வீட்டில் ஒருவர் கருவுற்றதும் பூனையை வெளியே விட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது தேவையற்றது. பூனை பொதுவாக முதல் தொற்றின்போது, சில வாரங்கள் மட்டுமே இதனை வெளியேற்றுகின்றது. வெளியேறிய முட்டைக்கூடுகள் தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். ஆகவே நாள்தோறும் மலத்தை அகற்றினால் இடர் பெரிதும் குறைகின்றது. கருவுற்றவர் இப்பணியை வேறொருவரிடம் விடுவதே முறை. இயலாதபோது கையுறை அணிந்து செய்து, பின்னர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும் இதே ஒட்டுண்ணியைக் கொண்டுவரக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காமல் இருப்பதும் பாதுகாப்பானது.

கெட்டிப்படும் மணலுக்கு எதிர்பாராத பயன் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு உருண்டையும் ஒரு முறை கழித்த சிறுநீரின் அளவைக் காட்டுகின்றது. உருண்டைகள் திடீரெனப் பெரிதாகிப் பெருகினால் நீரிழிவோ சிறுநீரக நோயோ இருக்கலாம். மாறாக, ஆண் பூனை அடிக்கடி தட்டுக்குச் சென்று முக்கியும் உருண்டை எதுவும் இல்லையெனில் சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கலாம். இதனை மலச்சிக்கல் எனத் தவறாக எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருப்பது ஆபத்து. அடைப்பு நீங்காவிடில் இரண்டு மூன்று நாட்களில் பூனை இறந்துவிடும். அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

மிக இளங்குட்டிகள் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பதால், ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும் வரை அவற்றிற்கு வீங்கும் களிமண்ணைத் தவிர்த்துக் காகிதம் அல்லது மரக் குச்சிகளைப் பயன்படுத்துவது நல்லது.

அகற்றலும் சுத்தமும்

களிமண் மணலைக் கழிப்பறையில் கொட்டக் கூடாது. தட்டில் உருண்டையாக்கும் அதே வீக்கம் குழாயிலும் நிகழ்ந்து அடைப்பை உண்டாக்கும். மக்கும் வகைகளுக்கும் இத்தடை பொருந்தும். டாக்சோபிளாசுமா முட்டைக்கூடுகள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் தாண்டக்கூடியவை. கலிபோர்னியக் கடற்கரையில் கடல் நீர்நாய்கள் இவ்வொட்டுண்ணியால் இறந்ததை அடுத்து, பூனைக் கழிவைச் சாக்கடையில் விட வேண்டாம் என்னும் அறிவிப்பை மணல் பொதிகளில் அச்சிட வேண்டும் என அம்மாநிலத்தில் 2006 இல் சட்டம் இயற்றப்பட்டது. கழிவைப் பையில் கட்டிக் குப்பையில் சேர்ப்பதே வழி. காய்கறித் தோட்டத்திற்கு இதனை எருவாக இடக் கூடாது.

தட்டைக் கழுவ வெந்நீரும் மணமற்ற சோப்பும் போதும். நம் வீடுகளில் தரை துடைக்கப் பயன்படும் கருப்புப் பினாயில் பூனைக்கு நஞ்சாகும். பினோல் சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு; பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே அது உடலுக்குள் சென்றுவிடும். சிறுநீர் தேங்கிய தட்டில் பிளீச்சிங் பவுடரை நேரடியாகக் கொட்டுவதும் தவறு. அமோனியாவுடன் குளோரின் வினைபுரிந்து நுரையீரலைத் தாக்கும் குளோரமைன் வளிமங்கள் உண்டாகும். சிறுநீரை முற்றிலும் கழுவிய பின்னரே அதைப் பயன்படுத்தலாம். தட்டு வெயிலில் நன்கு காய்ந்து, குளோரின் நெடி போன பிறகே புதிய மணலை நிரப்ப வேண்டும்.