விதி மாறியது; வீரர்கள் கொதித்தார்கள்!

அமெரிக்காவில் ஒரு விசித்திர விளையாட்டு உண்டு. பெயர் "டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்".

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதையில் வீரன், மந்திரவாதி, திருடன் என்று வேடம் எடுப்பார்கள். வாள் பூதத்தை வெட்டியதா, பூதம் தப்பியதா? 20 பக்கம் கொண்ட பகடை சொல்லும்!

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிதான்.

ஒரே கதையை வருடக்கணக்கில் ஆடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு விதிப் புத்தகம்தான் வேதம். வேதத்தை மாற்றினால் சும்மா இருப்பார்களா?

2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. 2003-லேயே திருத்தப் பதிப்பு! மறுபடியும் மூன்று புத்தகம் வாங்க வேண்டுமா என்று முணுமுணுத்தார்கள்.

பெரிய ரகளை 2008-ல்தான். நாலாம் பதிப்பில் வாள் வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி "சக்தி"கள். அப்புறம் மந்திரவாதிக்கு என்ன மதிப்பு? கோபம் நியாயம்தான்.

மூன்றாம் பதிப்பு விதிகளைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று கம்பெனியே 2000-ல் அனுமதி கொடுத்திருந்தது. பைசோ என்ற வேறொரு கம்பெனி அவற்றைச் செப்பனிட்டு, 2009-ல் "பாத்ஃபைண்டர்" என்று வெளியிட்டது. கோபித்துக்கொண்ட ரசிகர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்!

பழைய கம்பெனி இறங்கி வந்தது. 2012-ல் புது விதிகளை ரசிகர்களிடமே கொடுத்து, ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றது. ஐந்தாம் பதிப்பு 2014-ல் வந்தது, அமோக வரவேற்பு.

2024-ல் அதற்கும் திருத்தம் வந்துவிட்டது. வீரர் கையேடு முதலில், மற்ற இரண்டு புத்தகங்கள் பின்னால்!