உமிக்கும் தவிட்டுக்கும் நடுவே

களத்தில் அடித்துத் தூற்றிய குதிரைவாலியை ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். மணி ஒவ்வொன்றும் சாம்பல் ஓடிய வைக்கோல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். நகத்தால் கீறினால் வழுக்கும். பல்லில் வைத்துக் கடித்தால்தான் உமி விடும். ஆயிரம் மணி எண்ணித் தராசில் போட்டாலும் ஐந்து கிராம் வராது. நெல்லில் ஆயிரம் மணி என்றால் இருபது கிராமையொட்டி நிற்கும். இவ்வளவு சின்ன மணிக்குள் அரிசி, அதன்மேல் தவிடு, அதற்கும் மேல் இந்த வழுக்கும் உமி. டி. கல்லுப்பட்டி வட்டாரத்தில் இந்தப் பயிருக்கு நேர்ந்ததையெல்லாம் இந்த மூன்று அடுக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

மதுரையிலிருந்து திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. சுற்றிலும் கரிசல். நனைந்தால் காலோடு அப்பிக்கொண்டு வரும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். கம்மாய்த் தண்ணீர் எட்டாத இந்த நிலங்களில் வெள்ளாமை மானாவாரிதான். மழைக்கு முன்பே புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றாவிட்டால் தை வாக்கில் களம் நிறையும். இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கக்கூடிய பயிர் குதிரைவாலி. கரிசல் காட்டுப் பெரியவர்கள் வாயில் அது ‘குருதவாலி’. மூன்று மாதம், மூன்றேகால் மாதத்தில் விளைந்துவிடும். நெல் கருகிப்போகும் வறட்சியில் தாக்குப்பிடிக்கும். கரிசலில் இரண்டொரு நாள் தண்ணீர் கட்டி நின்றாலும் அழுகிவிடாது.

இருந்தும் இன்று அந்தச் சாலையில் போகிறவர் கண்ணில் அதிகம் படுவது மக்காச்சோளம். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் வேண்டும். வியாபாரி களத்துக்கே வந்து எடைபோட்டுக் காசு கொடுக்கிறார். 2018இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்து, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளக் குருத்துகளைத் துளைத்தெடுத்தது. அப்போதும் விவசாயிகள் அந்தப் பயிரை விட்டுவிடவில்லை. விளைந்த மறுநாள் விற்கிற பொருளை யார்தான் விடுவார்கள்? குதிரைவாலியை விளைவித்தவர் அதைச் சோறாக்கவும் முடியாமல், நல்ல விலைக்கு விற்கவும் முடியாமல் மூட்டையாக வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், தானிய ஆராய்ச்சி எந்தப் பயிருக்கு எவ்வளவு தூரம் நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தியாவில் தானிய ஆராய்ச்சியின் பெருமைக்குரிய அத்தியாயம் கோதுமை. பழைய கோதுமை ரகங்கள் உயரமாக வளர்பவை. உரம் போட்டால் கதிர் கனத்துத் தாள் சாய்ந்துவிடும். ஜப்பானின் ‘நோரின் 10’ என்ற குட்டை ரகத்தின் மரபணு அமெரிக்கா வழியாக மெக்சிகோவில் நார்மன் போர்லாக்கின் கைக்கு வந்தது. அவர் உருவாக்கிய குட்டைக் கோதுமையை, கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும் இந்திய மண்ணில் சோதித்தார்கள். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை கப்பலேறி வந்தது. 1968இல் கோதுமைப் புரட்சி என்று தபால்தலை வெளியிடும் அளவுக்கு அறுவடை கண்டோம். இன்று நாடு ஆண்டுக்கு 11 கோடி டன்னையொட்டிக் கோதுமை விளைவிக்கிறது.

கோதுமை பெரிதாக விளையாத தமிழ்நாட்டிலும் அதற்கொரு ஆராய்ச்சி நிலையம் உண்டு. குன்னூரையடுத்த வெலிங்டனில் 1954 முதல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அதை நடத்துகிறது. கோதுமையை அழிக்கும் துரு நோய்க்கான பூசணம் சமவெளிக் கோடையில் செத்துவிடும். நீலகிரியிலும் பழனி மலையிலும் குளிரில் பிழைத்திருந்து, காற்றில் ஏறி வடக்கே போகும். ஆகவே எதிரியின் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, எந்த ரகம் துருவைத் தாங்குகிறது என்று வருடம் முழுவதும் பார்க்கிறார்கள். ஒரு பயிர் மீது ஒரு நாடு எவ்வளவு அக்கறை காட்ட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

குதிரைவாலிக்கு அப்படி வாய்க்கவில்லை. ஐதராபாத் அருகே 1972இல் தொடங்கிய சர்வதேச ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட், வறண்ட நிலப் பயிர்களுக்கென்றே வந்தது. ஆனால் சோளமும் கம்பும்தான் அதன் முதன்மைத் தானியங்கள். குதிரைவாலி அதன் விதை வங்கியில் சேமிக்கப்பட்டதோடு சரி. பயிரும் ஒத்துழைக்காத ஜாதி. பூ மிகச் சிறியது, விடியலில் மலர்ந்து வெயில் ஏறுமுன் மூடிக்கொள்ளும், தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். ஒரு ரகத்தோடு இன்னொன்றைக் கலக்க வேண்டுமானால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தப் பூவில் ஆண் பாகத்தைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். அதனால் இதில் வெளிவந்த ரகங்கள் பெரும்பாலும் பழைய முறையில் பிறந்தவை. உழவர் வயலிலிருந்து நல்ல கதிர்களைத் தனித்தனியாகப் பொறுக்கி, ஒரு கதிரின் விதையை ஒரே வரிசையில் விதைத்து, வரிசைக்கு வரிசை ஒப்பிட்டுச் சிறந்ததை மட்டும் நிறுத்திக்கொள்வது. தனி வழித் தேர்வு என்பார்கள்.

மதுரை ஒத்தக்கடையில், யானைமலை அடிவாரத்தில் 1965இல் தொடங்கிய வேளாண் கல்லூரி இந்த முறையில்தான் ‘எம்.டி.யு. 1’ குதிரைவாலியை உருவாக்கி 2010களில் வெளியிட்டது. மூலம் எங்கிருந்தோ வந்ததல்ல, அருப்புக்கோட்டை நாட்டுக் குதிரைவாலி. அதாவது டி. கல்லுப்பட்டிக்கு அடுத்த கரிசலில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த விதை. நாள் கணக்கு ஏறக்குறைய 95 முதல் 100. மானாவாரியில் நல்ல விளைச்சல், மணியில் இரும்புச்சத்து அதிகம் என்பதே அதன் சிறப்பு. தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21 கணக்கில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். அப்படிப்பட்ட மாநிலத்தில், பக்கத்துக் காட்டு மண்ணிலிருந்து இரும்பு எடுத்துத் தரும் பயிர் கிடைத்தது சின்ன விஷயமல்ல.

விதை வந்துவிட்டது. ஆராய்ச்சி முடிந்துவிட்டதா? நான் இங்கேதான் மாறுபடுகிறேன். மணியில் இருக்கும் சத்து வட்டிலுக்கு வரும் வரைக்கும் அந்த ஆராய்ச்சி பாதி வழியில்தான் நிற்கிறது.

நெல்லுக்கு ஊர்தோறும் ரைஸ் மில் இருக்கிறது. குதிரைவாலியை அதில் போட்டால் பாதி நொறுங்கும், மீதி உமியோடு அப்படியே வெளியே வரும். முன்பு இதையெல்லாம் பெண்கள் செய்தார்கள். வெயிலில் காயவைத்து, உரலில் போட்டுக் குத்தி, சுளகில் புடைத்து, உமி போகாததை மறுபடி உரலுக்கு அனுப்பி, கடைசியில் மண் கலந்திருந்தால் கொழித்தெடுத்து. ஒருவேளைச் சோற்றுக்கு அரை நாள் உழைப்பு. கரிசல் துணுக்கும் குதிரைவாலி அரிசியும் ஒரே அளவு என்பதால் கல் பொறுக்குவது தனிப் பாடு. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தபோது பெண்கள் உலக்கையைச் சாத்தி வைத்ததில் என்ன தவறு? சிறுதானியத்தை மக்கள் மறந்துவிட்டார்கள் என்று மேடையில் வருத்தப்படுகிறவர்கள் ஒருநாள் அந்த உலக்கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

குத்த ஆளில்லாமல் தானியம் வெளியூர் போனது. மூட்டை மூட்டையாக வியாபாரி வாங்கி, பெரிய ஆலைகளுக்கு, மகாராஷ்டிர மாநிலம் நாசிக் வரைக்கும்கூட அனுப்பி, அரிசியாக்கித் திரும்பக் கொண்டுவந்தார். விளைந்த ஊரிலேயே அது பொட்டலத்தில் வந்தபோது, விளைவித்தவர் விற்ற விலை எங்கோ, பொட்டலத்தின் விலை எங்கோ. அதோடு இன்னொன்றும் நடந்தது. பொட்டலத்தில் இருந்த அரிசி வெள்ளை வெளேரென்று இருந்தது.

இந்த வெள்ளைக்கு எதிராக முன்பே ஒருவர் வாதாடினார். அவருடைய கடைசி ஆண்டுகள் கழிந்தது இந்த டி. கல்லுப்பட்டியில்தான். ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்காயர் படிப்பு, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் கட்டி நடத்தினார். 1950களில், ஜி. வேங்கடாசலபதி 1940இல் நிறுவிய இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்தார். 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளன்றே மறைந்தார்.

குமரப்பா வற்புறுத்திய ஒரு வேறுபாட்டை இன்றும் பலர் கவனிப்பதில்லை. உமி நீக்குவது வேறு, தீட்டுவது வேறு. உமி மனிதனுக்கு உணவல்ல, போகட்டும். தவிடோ அரிசியின் ஒரு பகுதி. அதில்தான் வைட்டமினும் தாதுவும் கொழுப்பும் சேர்ந்திருக்கின்றன. மில் இரண்டையும் ஒரே மூச்சில் உரித்துவிடுகிறது. தின்பவரின் உடம்பும் போகிறது, குத்திப் பிழைத்த ஏழைப் பெண்ணின் கூலியும் போகிறது என்பது அவருடைய கணக்கு. அவர் எதிர்த்தது இயந்திரத்தை என்பதைவிட, இந்த இரட்டை இழப்பை என்று சொல்வதே சரி. ஒரு வட்டாரத்தில் என்ன பயிரிடுவது என்பதையும் அவர் சந்தையிடம் விடவில்லை. ஒரு லட்சம் மக்களுக்குச் சரிவிகித உணவு என்னென்ன வேண்டும், அதற்கு எத்தனை ஏக்கர் என்று பட்டியலே போட்டார். ஆளுக்கு நாளொன்றுக்கு 16 அவுன்ஸ், அதாவது சுமார் 450 கிராம் தானியம். அதற்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலம். பாக்கியில் பருப்பு, எண்ணெய், காய், பழம், பருத்தி. கோழித் தீவனத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

அவர் சொன்னதற்கு ஆய்வுக்கூடச் சான்றும் தமிழ்நாட்டிலேயே இருந்தது. ராபர்ட் மெக்காரிசன் குன்னூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் எலிகளுக்கு இந்தியாவின் பல வட்டார உணவுகளைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தவர். அவருக்குப்பின் 1935இல் அங்கே பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்ட் அரிசியைத் தனியாக ஆராய்ந்தார். தீட்டிய பச்சரிசி தின்ற ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி நோய் பரவியிருந்தது. புழுங்கல் அரிசி தின்றவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் வைட்டமின் உள்ளே இறங்கிவிடுவதுதான் காரணம். அந்த ஆய்வுக்கூடம் 1950களின் கடைசியில் ஐதராபாத் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

சரி, தவிட்டோடு விற்றால் என்ன? வியாபாரி பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தவிட்டில் கொழுப்பு இருப்பதால் உமி நீங்கிய பிறகு அரிசி சிக்கெடுத்துவிடும், வண்டும் சீக்கிரம் விழும். நகரத்துக் கடை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய சரக்கைத் தீட்டித்தான் அனுப்ப முடியும். ஆனால் உமியோடு வைத்தால் குதிரைவாலி வருடக்கணக்கில் கெடாது. பஞ்ச காலத்துக்கென்று குலுக்கையில் போட்டு வைத்தது அதனால்தான். ஆகவே விடை மில்லின் தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை, மில் இருக்கும் இடத்தில் இருக்கிறது. மூட்டை உமியோடு வீட்டிலோ சங்கக் கிட்டங்கியிலோ கிடக்கட்டும். வேண்டும்போது பத்துக் கிலோவைப் பக்கத்து மில்லில் உமி மட்டும் நீக்கி வாங்கிக்கொண்டால், தீட்ட வேண்டிய அவசியமே வராது.

இது வெறும் ஆசையில்லை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, கனடா நிதியுதவியோடு 2011 முதல் 2014 வரை நடத்திய சிறுதானியத் திட்டத்தில் டி. கல்லுப்பட்டியையொட்டிய பேரையூர்ப் பகுதியும் ஒரு களம். விதைத் தேர்வோடு நிற்காமல், ஊரளவில் உமி நீக்கும் சின்ன இயந்திரங்கள் வரை அந்த வேலை போனது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனமும் சிறுதானியத்துக்கென இயந்திரங்கள் வடிவமைத்திருக்கின்றன. சுழலும் தட்டிலிருந்து மணியை வேகமாகச் சுவரில் மோதவிட்டால் உமி வெடித்துப் பிரியும். காற்று உமியை ஊதித் தள்ளும். மணி ஈரமாக இருந்தால் உமி விடாது, அதிகம் காய்ந்தால் அரிசி குருணையாகும். எவ்வளவு ஈரத்தில், எவ்வளவு வேகத்தில் என்பது ஒவ்வொரு ரகத்துக்கும் மாறும். புதிய ரகத்தை வெளியிடும்போது ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று எழுதுவதுபோல, எந்த ஈரத்தில் உமி எளிதாக விடுகிறது, தவிடு எவ்வளவு நிற்கிறது என்பதையும் முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்பேன்.

இரும்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தவிட்டில் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற பொருளும் இருக்கிறது. அதனால் தின்ற இரும்பெல்லாம் இரத்தத்தில் சேர்ந்துவிடாது. ஊறவைப்பதும் மாவைப் புளிக்கவைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்தும். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இன்னும் நல்லது. குதிரைவாலி மாத்திரைக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நல்ல சோறு என்ற அளவில் நம்பலாம்.

ஐ.நா. அறிவித்த சிறுதானிய ஆண்டான 2023 வந்துபோனது. நகரத்துக் கடைகளில் பொட்டலங்கள் பெருகின. அடுத்தமுறை வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பால்வெள்ளையாக இருந்தால் தீட்டியது. மங்கிய பழுப்பு ஓடியிருந்தால் தவிடு மிச்சமிருக்கிறது. கழுவும் தண்ணீரிலும் லேசாக அந்தப் பழுப்பு இறங்கும். வேக நேரம் கொஞ்சம் கூடுதல், அரைமணி ஊறவைத்தால் போதும். டி. கல்லுப்பட்டிக் கரிசலில் தையில் அடிக்கும் களத்தில், வியாபாரிக்கு எடைபோடுமுன் வீட்டுக்கென்று இரண்டு மூட்டையை உமியோடு ஒதுக்கி வைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த இரண்டு மூட்டையை அரைக்க அவர்கள் எவ்வளவு தூரம் சுமந்து போக வேண்டியிருக்கிறது என்பதை இனி வரும் ஆராய்ச்சியாளர்கள் முதலில் அளந்து பார்க்கட்டும்.